பினாங்கு டோபி கடையில அம்மாவோட கூரைப்புடவை: "பொறுப்பல்ல"ன்னு அச்சடிச்சுட்டா போதுமா?

நாலு வருஷம் கழிச்சு மலேசியாவுல எங்க ஊரு பினாங்குக்குப் போயிட்டு, இங்கிலாந்துல நான் இருக்கற லெஸ்டருக்குத் திரும்பியிருக்கேன். சாப்பாடு, கோயில், சொந்தக்காரங்க வீடுன்னு எல்லாம் நல்லாத்தான் போச்சு, அதையெல்லாம் எழுதப்போறதில்ல. ரெண்டு வார லீவுல முக்கால்வாசிய எடுத்துக்கிட்டது அம்மாவோட கூரைப்புடவை விவகாரம்தான்.

1976ல கல்யாணத்துக்குக் கட்டின அரக்குக் காஞ்சிபுரம். அக்கா மகளுக்கு நிச்சயம், பாட்டி புடவையத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டா. அம்மா இரும்புப் பொட்டியத் தொறந்து புடவைய எடுத்தப்போ அந்துருண்டை வாசம் கூடம் முழுக்க. முந்தானைய விரிச்சு அக்கா மகளோட தோள்ல போட்டுப் பாத்தாங்க, அவ அதை நாலு போட்டோ எடுத்து வாட்ஸாப்ல எங்க எல்லாருக்கும் அனுப்பினா. இந்தப் போட்டோவ ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால வரும்.

வீட்டுக்குக் கிட்ட புதுசா ஏசி போட்ட ட்ரை கிளீனிங் கடை ஒண்ணு வந்திருக்கு. அம்மாவும் நானும் போனோம். 35 வெள்ளிய (மலேசிய ரிங்கிட்) முதல்ல வாங்கிட்டு அப்புறம் ரெசிட் நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னாங்க. ரெசிட் பின்னால எறும்பு சைஸ் எழுத்து, கண்ணாடி போட்டும் அம்மாவால படிக்க முடியல. "இதுல என்னம்மா போட்டிருக்கு"ன்னு கேட்டதுக்கு கவுண்டர் பொண்ணு "சாயம் போனா நாங்க பொறுப்பில்ல ஆண்டி, அவ்ளோதான்"ன்னு சொல்லுச்சு. அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க.

மூணு நாள் கழிச்சு பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் குடுத்தாங்க. வீட்டுல வந்து பிரிச்சா, முந்தானையில இஸ்திரிப் பெட்டி மூக்கு வடிவத்துல ஒரு கை அகலத்துக்குக் கருகல். பட்டு மஞ்சளாகி அப்பளம் மாதிரி மொறமொறன்னு நிக்குது, ஜரிகைல இருந்த யாளி கறுத்துப்போய் விரல் பட்டதும் இழை இழையா உதிருது. அம்மா ஒண்ணும் சொல்லல, அந்த எடத்த மட்டும் உள்ளங்கையால மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க.

நாங்க சின்னப் புள்ளைங்களா இருந்தப்போ வண்ணாந்தொறையில இருந்து சைக்கிள்ல மூட்டை கட்டிக்கிட்டு வருவாரே, அவருகிட்ட ஏது ரெசிட்? துணி மூலையில மைக்குறி, அம்மா நோட்டுல கணக்கு, அவ்வளவுதான். ஒருதடவை அப்பாவோட வெள்ளச் சட்டை காலர் கருகிப்போச்சு. நாங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடி அவரே மேல எடுத்து வெச்சு "என் தப்புங்கம்மா, இந்த மாசக் காசுல கழிச்சுக்குங்க"ன்னாரு. அந்த ஆளு ஞாபகம் வந்ததுலதான் எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறுச்சு.

திரும்பப் போய்க் கேட்டா கடைக்கார அம்மா "துணி ரொம்பப் பழசு அண்ணே, அதான் தாங்கல, ரெசிட்லயே எந்தச் சேதத்துக்கும் பொறுப்பல்லன்னு இருக்கு, நீங்க கேக்கறதால கூலியில பத்து மடங்கு 350 வெள்ளி தர்றேன், அதுக்கு மேல எங்க ரூல்ல இல்ல"ன்னாங்க. வருத்தப்படறேன்னு ஒரு வார்த்தை கிடையாது. வெளிய வந்ததும் அம்மா "விடு தம்பி, எழுதித்தான போட்டிருக்காங்க, நாமதான் படிக்கல"ன்னாங்க. எனக்கு அதுதான் தாங்கல. கார் பார்க்கிங், பஸ் பார்சல், ஷூ தைக்கிற கடைன்னு ஊர் பூரா இந்த போர்டு தொங்குது, நம்ம சனம் அதைப் பாத்த உடனே வாயை மூடிக்குது. லெஸ்டர்ல என் கோட்டு லைனிங்கக் கிழிச்ச கடைக்காரன் ஒரே வாரத்துல காசத் திருப்பிக் குடுத்தான், ஏன்னா அங்க 2015 நுகர்வோர் சட்டப்படி சேவைய ஒழுங்கான கவனத்தோட செய்யணும், அதுல இருந்து கழண்டுக்க ரெசிட்ல எழுதி வெச்சாலும் செல்லாது.

நம்ம ஊர்ல அதெல்லாம் எங்கன்னு நெனச்சுக்கிட்டே ராத்திரி பூரா தூக்கமில்லாம கெடந்தேன். மறுநாள் கூடப் படிச்ச நண்பன், இப்ப ஜார்ஜ்டவுன்ல லாயர், கோப்பிக் கடைக்கு வரச் சொன்னான். ரெசிட்டத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "டேய், கவுண்டர்ல என்ன சொன்னாங்கன்னு திரும்பச் சொல்லு"ன்னான். சாயம் போனா மட்டும்னு சொன்னாங்கடான்னேன். 1951ல லண்டன் அப்பீல் கோர்ட்டுல அச்சு அசல் இதே மாதிரி ஒரு கேஸாம். ஒரு பொண்ணு வெள்ள சாட்டின் கல்யாண கவுனை சலவைக்குப் போட்டிருக்கு. எதுக்குக் கையெழுத்துன்னு கேட்டதுக்கு, மணி, ஜிகினா மாதிரி சிலதுக்குச் சேதம் வந்தா நாங்க பொறுப்பில்லன்னு அர்த்தம்னு சொல்லியிருக்காங்க, தாள்ல இருந்ததோ எந்தச் சேதத்துக்கும் பொறுப்பில்லன்னு. கவுன் கறையோட வந்துச்சு. வாயால ஒண்ணு சொல்லி நம்ப வெச்சுட்டு அப்புறம் அச்சடிச்சதக் காட்டித் தப்பிக்க முடியாதுன்னு கோர்ட் சொல்லிடுச்சு.

அப்புறம் நம்ம நாட்டுச் சட்டத்துக்கு வந்தான். ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 104: நம்ம பொருள ஒருத்தர் கையில ஒப்படைச்சா, சாதாரணமா விவரம் தெரிஞ்ச ஒரு மனுஷன் தன்னோட சொந்தப் பொருள எப்படிப் பாத்துக்குவானோ அந்த அளவுக்குக் கவனமா வெச்சுக்கணும் (இந்தியாவுல 1872 சட்டத்துல 151வது பிரிவும் இதேதான்). அந்தக் கவனத்தக் காட்டியும் கெட்டுப்போனா அவங்க மேல தப்பில்ல, அது 105. ஆனா கவனமா இருந்தோம்னு நிரூபிக்க வேண்டியது யாரு? பொருள வெச்சிருந்தவங்க. இது போர்ட் ஸ்வெட்டன்ஹாம், அதான் இப்போ போர்ட் கிள்ளான், அங்க மருந்துப் பெட்டிங்க காணாமப்போன கேஸ்ல 1978ல பிரிவி கவுன்சில், அதாவது அப்போ நம்ம நாட்டுக் கேஸுங்களுக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் கோர்ட், சொன்னது. அப்போ "துணி பழசு"ன்னு அந்தம்மா வாயால சொன்னா ஆச்சா, அவங்கதான் காட்டணும். நம்ம கையில முந்தானை முழுசா இருக்கற போட்டோ தேதியோட இருக்கு.

இதெல்லாம் விட முக்கியமானது மலேசியாவோட பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டம் 1999. அதுல நியாயமில்லாத ஒப்பந்த வாசகம்னு ஒரு பாகத்தச் சேத்து 2011 பிப்ரவரியில அமலுக்குக் கொண்டுவந்திருக்காங்க. தக்க காரணம் இல்லாம, கவனக்குறைவுக்கும் நான் பொறுப்பில்லன்னு எழுதி வெச்சா அந்த வாசகமே நியாயமில்லாததுன்னு 24டி பிரிவு சொல்லுது, அதைச் செல்லாதுன்னு தள்ள கோர்ட்டுக்கும், பயனீட்டாளர் புகார விசாரிக்கிற தீர்ப்பாயமான டிரிபியூனலுக்கும் அதிகாரம் இருக்கு. பயனீட்டாளர் டிரிபியூனல்ல மனுப் போட 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், மூணு வருஷத்துக்குள்ள போடணும், லாயர் கூடாது, அதனால நண்பனே வர முடியாது. இவ்வளவு வசதி நம்ம ஊர்ல இருக்குன்னு தெரியாம இத்தனை நாள் இருந்திருக்கோமேன்னு மனசு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. லெஸ்டர்ல கூட அஞ்சு வெள்ளிக்கு எவனும் கேஸ் எடுக்க மாட்டான்.

ஒண்ணு மட்டும் நண்பன் அழுத்திச் சொன்னான், எழுதி வெச்சது எல்லாமே சும்மான்னு நெனச்சுக்காதே. பழைய ஜரிகை, சூடு தாங்காம போகலாம், பரவால்லயான்னு முன்கூட்டியே தெளிவாச் சொல்லி நாம சரின்னு குடுத்திருந்தா கதை வேற. எங்ககிட்ட அப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லல.

ரெசிட் அம்மா பேர்ல இருந்ததால மனுவும் அம்மாதான் போடணும். மாட்டேன்னுதான் முதல்ல சொன்னாங்க. ஃபாரத்துல எவ்வளவு கேக்கறீங்கங்கற எடத்துல வந்து பேனா நின்னுடுச்சு, அம்பது வருஷப் புடவைக்கு என்ன வெலை போடறது? கடைசில அதே மாதிரி ஒண்ணு லிட்டில் இந்தியாவுல விசாரிச்சு, 1,800ன்னு எழுதுனாங்க.

மனு கையில கெடச்ச அன்னிக்கே கடைக்கார அம்மா போன் போட்டு 900 தர்றேன்னாங்க. அம்மா நிதானமா "காசு அப்புறம்மா, எங்க கடையில கருக்கிட்டோம்னு மொதல்ல ஒரு வார்த்தை சொல்லு"ன்னாங்க. அந்தப் பக்கம் சத்தமே இல்ல, அப்புறம் வெச்சுட்டாங்க.

விசாரணை அடுத்த மாசம், அக்கா கூடப் போறா. நிச்சயத்துக்குப் பொண்ணு வேற புடவை கட்டிக்கிட்டா. கூரைப்புடவை அந்த பிளாஸ்டிக் கவர்லயே அலமாரி மேல இருக்கு, அதிகாரி பாக்கற வரைக்கும் யாரும் தொடக்கூடாதுன்னு அம்மா அந்துருண்டை கூடப் போடல.