பழைய ஈ-மீட்டர், 8 வருடம் கழித்து: ஊசியும் படிகளும்

போன வாரம் என் ஈ-மீட்டரின் பாட்டரியை மாற்றி, மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது அலுவலக நண்பர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சரிங்க, இந்த டப்பாவைக் கையில பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தவங்கள்ல எத்தனை பேர்தான் கடைசிப் படி வரைக்கும் போயிருப்பாங்க?" என்று கேட்டார். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் நீளமானது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஈ-மீட்டர் என்பது சைன்டாலஜி என்ற மத அமைப்பு, உறுப்பினரை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும்போது பயன்படுத்தும் கருவி. நண்பர் சொன்ன 'படி', அங்கே உறுப்பினர்கள் ஒவ்வொன்றாக ஏறும் நிலை. நான் அந்த அமைப்பின் உறுப்பினர் இல்லை. பழைய அளவைக் கருவிகளைச் சேர்ப்பவன். அந்த ஆசையில்தான் 8 வருடத்துக்கு முன் 1960-களின் மார்க் ஃபைவ் மாடல் ஒன்றை வாங்கினேன். உள்ளே இருப்பது வீட்ஸ்டன் பிரிட்ஜ், நாம் பிளஸ் டூ லேபில் செய்த அதே சுற்றுதான். இரண்டு தகர டப்பாவைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டால், மிகச் சிறிய மின்னோட்டம் உடம்பு வழியாகப் போய் வரும். தோலின் தடை மாறினால் ஊசி நகரும். 'டோன் ஆர்ம்' என்ற குமிழ் 2-இல் நின்றால் 5,000 ஓம், 3-இல் நின்றால் 12,500 ஓம்.

அந்த ஊசியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தால் விழுகிறது. என் மகளிடம் டப்பாவைக் கொடுத்து, சண்டை போட்ட தோழியின் பேரைச் சொன்னேன். அவள் முகம் மாறுவதற்கு முன்பே ஊசி விழுந்துவிட்டது. அந்த மாலையை மறக்க மாட்டேன். வியர்வைச் சுரப்பிகள் மனதோடு எவ்வளவு நெருங்கியவை என்று எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இப்படிக் காட்டவில்லை.

எட்டு வருடமாக மாறாத எரிச்சலும் ஒன்று உண்டு. பிடியை லேசாக மாற்றினாலே ஊசி குதிக்கிறது. சுண்டுவிரல் அசைந்ததா, மனசு அசைந்ததா என்று கண்டுபிடிக்க வழியில்லை. குளிர்காலத்தில் கை காய்ந்துவிட்டால் குமிழைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கருவியைக் குறை சொல்ல முடியாது, தோலின் இயல்பு அப்படி. டப்பாவை அமுக்கச் சொல்லி, ஊசி முகப்பில் மூன்றில் ஒரு பங்கு விழும்படி உணர்திறனைச் சரிசெய்வது சைன்டாலஜியரின் வழக்கமான முறை. அதாவது அமுக்கினால் விழும் என்பது தெரிந்த விஷயம்தான். அமெரிக்க மருந்து நிர்வாகம் 1963-இல் வாஷிங்டனில் இந்தக் கருவிகளைப் பறிமுதல் செய்தது. நோயைக் கண்டறியவோ குணப்படுத்தவோ இது பயன்படாது என்று அதன்மேல் எழுத வேண்டும் என 1971-இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்கு அது நியாயமான தீர்ப்பாகப் படுகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சைன்டாலஜியர் ஏறும் பாதைக்குப் பெயரும் 'பிரிட்ஜ்'தான். கீழே சில கிரேடுகள், நடுவில் 'கிளியர்' (பழைய மன வடுக்கள் நீங்கிவிட்டதாக அவர்கள் சொல்லும் நிலை), அதற்கு மேல் 'ஆபரேட்டிங் தீட்டன்' என்பதன் சுருக்கமான ஓ.டி. 1 முதல் ஓ.டி. 8 வரை. ஓ.டி. 9-உம் அதற்கு மேலும் அட்டவணையில் உண்டு, ஆனால் இன்னும் திறக்கவில்லை.

'கிளியர்' ஆனவர்களை எண்ணுவதில் முதல் எண்ணிலேயே சிக்கல். 1950 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஷ்ரைன் அரங்கத்தில், பின்னாளில் சைன்டாலஜியைத் தொடங்கிய எல்.ரான் ஹப்பார்ட் ஒரு இளம்பெண்ணை மேடையேற்றினார். இயற்பியல் படித்தவர். உலகின் முதல் 'கிளியர்', எல்லாம் அப்படியே நினைவிருக்கும் என்று அறிமுகம். ஹப்பார்ட் முதுகைக் காட்டி நின்றபோது கூட்டத்தில் ஒருவர் அவருடைய டையின் நிறம் என்ன என்று கேட்டார். அந்தப் பெண்ணால் சொல்ல முடியவில்லை. மக்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். எனக்கு அந்தப் பெண்மேல் இரக்கம்தான் வருகிறது. ஆயிரக்கணக்கானவர் முன்னால் நிறுத்திக் கேட்டால் யாருக்குத்தான் நினைவு வரும்? பிறகு 1966-இல் ஜான் மக்மாஸ்டர் என்பவரை 'முதல் கிளியர்' என்று அறிவித்தார்கள். 1978-இல், சைன்டாலஜிக்கு முன்பே ஹப்பார்ட் உருவாக்கிய டயனெடிக்ஸ் என்ற மனப் பயிற்சி மூலமாகவும் 'கிளியர்' ஆகலாம் என்று விதி தளர்ந்தது. ஆகவே ஒரு காலத்து 'கிளியர்' எண்ணிக்கையை இன்னொரு காலத்தோடு ஒப்பிடும்போது ஒரே பொருளை எண்ணுகிறோம் என்று நினைத்துவிடக் கூடாது.

அதற்கு மேலே பாதை குறுகுவதற்குப் பணம் ஒரு காரணம். ஆடிட்டிங்கை, அதாவது மீட்டரோடு நடக்கும் அந்தக் கேள்வி-பதில் அமர்வை, பன்னிரண்டரை மணி நேரக் கட்டுகளாக வாங்க வேண்டும், விலை மணிக்கு நூற்றுக்கணக்கான டாலர். ஆனால் எல்லாரும் பேசும் பணத்தைவிட இடம்தான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. கீழ்ப்படிகளை உள்ளூர்க் கிளையிலேயே முடிக்கலாம். ஓ.டி. படிகள் தொடங்கினால் லாஸ் ஏஞ்சல்ஸ், இங்கிலாந்தின் ஈஸ்ட் கிரின்ஸ்டெட், கோபன்ஹேகன், சிட்னி போன்ற சில ஊர்களுக்குத்தான் போக வேண்டும். ஓ.டி. 6, 7 வந்தால் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டர். ஏழாம் படியில் வருடக்கணக்கில் தினமும் தனக்குத்தானே ஆடிட்டிங் செய்துகொண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு அங்கே திரும்ப வேண்டும். எட்டாம் படி 1988-இல் திறந்தது. அதைக் கொடுக்கும் இடம் உலகத்திலேயே ஒன்றுதான், ஃப்ரீவிண்ட்ஸ் என்ற கப்பல். சில நூறு பேர் தங்கக்கூடிய ஒரே கப்பல் என்றால் வரிசை எவ்வளவு மெதுவாக நகரும்!

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. படி முடித்தவர்களின் பெயர்களை அமைப்பின் பத்திரிகைகள் அச்சிடும். அந்தப் பட்டியல்களைக் கூட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அது முடித்த தடவைகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. 1996-இலும் 2013-இலும் பயிற்சிமுறை திருத்தப்பட்டபோது, மேலே இருந்த பலர் கீழிறங்கி ஏற்கனவே முடித்ததை மறுபடி செய்தார்கள். பத்து வருடம் உழைத்து ஏறியவரிடம் அடிப்படையிலிருந்து திரும்ப ஆரம்பி என்றால் மனசு என்ன பாடுபடும்? இதை நினைக்கும்போது கோபம்தான் வருகிறது. நம்பிக்கையோடு வந்தவர்கள் அவர்கள்.

மொத்த உறுப்பினர்கள் பல மில்லியன் என்று அமைப்பு சொல்லிவருகிறது. அமெரிக்க மத அடையாள ஆய்வில் தங்களைச் சைன்டாலஜியர் என்று சொன்னவர்களை வைத்துப் போட்ட மதிப்பீடு 2001-இல் 55,000, 2008-இல் 25,000. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2,418 பேர். அடித்தளமே இவ்வளவுதான் என்றால், கப்பல் வரை போனவர்கள் அதில் ஒரு சிறு பகுதிதான். நண்பருக்கு நான் சொல்லக்கூடிய பதில் இது.

கருவியைப் பற்றி நல்லது நிறையச் சொல்லிவிட்டேன். கைவேலை நேர்த்தி, நுண்ணுணர்வு, பழைய முகப்பின் அழகு எல்லாம் உண்மை. இருந்தாலும் வாங்காதீர்கள். பழகிப் பார்க்க ஆசை என்றால் ஒரு கால்வனோமீட்டரும் நாலு ரெசிஸ்டரும் எடுத்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யுங்கள். என்னுடையதை விற்கிறேனா என்று நண்பர் கேட்டார். இல்லை என்றேன். புது பாட்டரி போட்ட பிறகு ஊசி நடுக்கமே இல்லாமல் நிற்கிறது, இன்று ராத்திரி மகள் மறுபடி பிடித்துப் பார்க்கக் கேட்டிருக்கிறாள்.