தமிழ்ப் பேரகராதியில் பந்தயச் சொற்கள்

விளையாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும்போது நான் முதலில் நாடுவது, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்து, இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் கட்டணமின்றித் தேடக் கிடைக்கும் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியையே.

ஒரே வடிவம் கொண்ட வெவ்வேறு சொற்களை எண்ணிட்டுத் தனித்தனியே பிரித்து, இலக்கிய மேற்கோளுடன் தருவதே இதன் பெரும் பலம். 'ஓடு' என்று தேடினால், விரைந்து செல்வதும் தோற்றுப் புறங்காட்டுவதும் ஒரு பக்கம் நிற்க, கூரை ஓடும் ஆமை ஓடும் தனிச்சொல்லாக வரும். மரமாகிய 'வாகை' வெற்றிமாலையாகவும் புறத்திணையாகவும் விரிவதை இதில்தான் தெளிவாக உணர்ந்தேன். 'பந்தயம்' என்பதில் ஓட்டத்தைவிட, பணயமாக வைக்கும் பொருளே அழுத்தம் பெறுகிறது, "என்ன பந்தயம்?" என்று கேட்பவர் ஓடப்போவதில்லையே.

குறைகளும் உண்டு. ஆங்கில விளக்கம் விரிவாக இருக்க, தமிழ் விளக்கம் பல இடங்களில் ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் எண்ணப்படும் 'ஓட்டம்' போன்ற இக்காலப் பொருள்களுக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை அருகில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னை உணவகத்தில் 'போட்டி' கேட்டால் ஆட்டுக்குடல் வரும் என்பதை மட்டும் அகராதியைப் புரட்டாமலே அறிந்திருந்தேன்.