செட்பேக் அனுமதியும் புகாரும்: ஓர் உள்ளாட்சிச் சேவையின் மதிப்பீடு

கட்டட வரைபடத்துக்கு அனுமதி வழங்குவதும், அனுமதியை மீறிக் கட்டுவோர் மீதான புகார்களை விசாரிப்பதும் எங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரே பிரிவின் பொறுப்பு. வீடு கட்டுவதற்காக மனுச் செய்தவர்களும், பக்கத்துக் கட்டடத்தால் பாதிக்கப்பட்டுப் புகார் அளித்தவர்களும் எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இருப்பதால், இரு தரப்பின் அனுபவத்தையும் வைத்தே இதை எழுதுகிறேன்.

அனுமதி தரும் பகுதியில் பெரிய குறை இல்லை. எந்த உயரக் கட்டடத்துக்கு மனை எல்லையிலிருந்து எவ்வளவு இடைவெளி (செட்பேக்) விட வேண்டும், என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பதெல்லாம் அட்டவணையாகக் கிடைக்கின்றன. விடுபட்டதை எழுத்தில் கேட்கிறார்கள்.

செட்பேக் விதியையே நீக்க வேண்டும் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. இரு கட்டடங்களுக்கு இடையிலான வெற்றிடம்தான் சன்னலுக்கு வெளிச்சத்தையும் காற்றையும் தருகிறது. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் தடுக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்க இடம் கொடுக்கிறது. ஆனால் 6 மீட்டர் அகல மனைக்காரர் இருபுறமும் 1.5 மீட்டர் விட்டால் அவருக்கு எஞ்சுவது 3 மீட்டர். 20 மீட்டர் மனைக்காரருக்கு அதே இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. சிறிய மனைக்குத் தளர்வு கேட்பது நியாயமானது. அந்தத் தளர்வு யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் எங்கள் மனக்குறை தொடங்குகிறது.

புகாரை விசாரிக்க வந்த ஆய்வாளர் அளந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் நாடாவின் நுனியை மதில் சுவரின் வெளிமுகத்தில் வைத்து, தரைமட்டத்தில் வீட்டுச் சுவர் வரை இழுத்தார். வரைபடத்தில் இருந்த அளவு அப்படியே வந்தது. மதிலோ எல்லைக் கல்லைத் தாண்டி வெளியே நிற்கிறது. ஆகவே மதிலின் கனமும், அது பொது வழியில் பிடித்த இடமும் சேர்ந்து செட்பேக் கணக்கில் ஏறிவிட்டன. அதைவிட முக்கியமானது மேலே இருந்தது. முதல் மாடியில் பால்கனி என்று காட்டியதைச் செங்கல் வைத்து அடைத்து, சன்னல் போட்டு அறையாக்கியிருந்தார்கள்; அதன் விளிம்பிலிருந்து எங்கள் பக்கத்துச் சுவர் கைக்கெட்டும் தூரம்தான். தரையில் அளந்தவர் தலையை நிமிர்த்தவே இல்லை. 'அளவு சரியாக உள்ளது' என்ற ஒற்றை வரியோடு புகார் முடித்துவைக்கப்பட்டது. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தார்கள் என்பது அந்தப் பதிலில் இல்லை. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையாக நான் கருதுவது இதுவே.

விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் உள்ளாட்சி மன்றத்திடம் இருப்பதே தவறு என்று வாதிடுவதும் எளிதல்ல. அமெரிக்காவின் ரோனோக் நகரில், அதே பகுதியில் ஏற்கெனவே உள்ள வீடுகளில் 60 விழுக்காடு வீடுகள் தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, புதிய கட்டடமும் அவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று விதித்து, விதிவிலக்கை நகர மன்றம் தன் கையில் வைத்துக்கொண்டது. அதை எதிர்த்த கோரீப் என்பவரின் வழக்கில், 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விதி செல்லும் என்றது. மனுதாரர் தமக்கு எதிராக உண்மையில் பாகுபாடு நடந்ததாகக் காட்டவில்லை என்றும் கூறியது. பாகுபாட்டைக் காட்ட வேண்டுமானால் மற்றவர்களுக்கு அளித்த தளர்வுகளின் பட்டியல் கையில் வேண்டும். எங்கள் அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டபோது, அது 'உள் கோப்பு' என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பக்கத்து மனைக்குத் தளர்வு தருவதற்கு முன் எங்களுக்கு ஒரு அறிவிப்புக் கடிதம்கூட வருவதில்லை.

அபராதம் கட்டி வரன்முறைப்படுத்தும் வசதியும் உண்டு. பணமுள்ளவர் அபராதத்தையும் கட்டுமானச் செலவிலேயே சேர்த்துக்கொள்கிறார்; விதிப்படி இடம் விட்டவருக்கு இழந்த அறையும் திரும்பவில்லை, வெளிச்சமும் திரும்பவில்லை. புகார் கொடுத்தவரின் பெயர் அன்று மாலைக்குள் கட்டுபவருக்குத் தெரிந்துவிடுவது தனி வேதனை.

அனுமதி பெறச் செல்பவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். புகாருடன் செல்பவர்கள் அடித்தளம் தோண்டும்போதே செல்லுங்கள். கூரைக்குக் கான்கிரீட் போட்ட பிறகு இடிக்கும் மனம் அங்கு எவருக்கும் இருப்பதில்லை. எல்லைக் கல் தெரியும்படி புகைப்படம் எடுத்து இணையுங்கள். அளவீடு உங்கள் முன்னிலையில், ஒவ்வொரு தளத்திலும், கல்லிலிருந்து வெளியே நீட்டிய விளிம்பு வரை எடுக்கப்பட வேண்டும் என்று மனுவிலேயே எழுதி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.