காதில் மாட்டும் இரண்டு ஒயர்கள்: வீட்டு நியூரோஃபீட்பேக்கில் மூன்றாண்டு அனுபவம்

செங்கோட்டையில் முப்பது ஆண்டுகளாக மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தி வருகிறேன். மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலையிலிருந்தும்கூட எரிந்துபோன மோட்டார்கள் என் பட்டறைக்கு வருவதுண்டு. பேஸ், நியூட்ரல், எர்த் என்ற மூன்று சொற்களுக்குள் என் பிழைப்பு அடங்கியிருப்பதால், நியூரோஃபீட்பேக்குக்காக, அதாவது மூளையின் மின்னலைகளைத் திரையில் பார்த்தபடியே அவற்றை மாற்றப் பழகும் பயிற்சிக்காக, தலையில் ஒட்டும் மூன்று ஒயர்களைப் புரிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும் என்று நினைத்தேன். ஏறத்தாழ ஓர் ஆண்டு பிடித்தது. தாமதத்துக்குக் காரணமும் அந்த மூன்று சொற்கள்தான்.

தூக்கக் குறைவுக்காக, மருத்துவரைப் பார்த்த பிறகு, கூடுதல் முயற்சியாகத்தான் இதைத் தொடங்கினேன். இப்போது முன்னைவிட நன்றாகத் தூங்குகிறேன். ஆனால் அதே மாதத்தில் மாலைத் தேநீரையும் நிறுத்தியிருந்தேன் என்பதால் பெருமை யாருக்குச் சேரும் என்று சொல்ல இயலாது. ஆகவே பயிற்சியின் பலனைப் பற்றி இங்கே வாதாடப் போவதில்லை. ஒயர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் எட்டு மாதம், யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணையும் மூளையலையைப் பெரிதாக்கிக் காட்டும் பழைய இரண்டு சேனல் பெருக்கி ஒன்றைப் பயன்படுத்தினேன். அதன் பின் இன்றுவரை அதே வேலையைச் செய்யும், ஓப்பன்பிசிஐ நிறுவனத்தின் சைட்டன் என்ற மின்சுற்றுப் பலகை. எட்டு சேனல்கள், நொடிக்கு 250 மாதிரிகள் (அதாவது 250 முறை அளவெடுப்பு), நான்கு ஏஏ பேட்டரிகள். கணினிக்குக் கம்பியில்லாமல் தரவு போகும். மின்முனைகளாகத் தங்கமுலாம் பூசிய சிறு கிண்ணங்களைப் பயன்படுத்துகிறேன். அவற்றை எலக்ட்ரோடு என்றே எழுதியிருப்பேன், ஆனால் எங்கள் ஊர்க் கடையில் எலக்ட்ரோடு கேட்டால் வெல்டிங் ராடு கட்டைத்தான் எடுத்து வைப்பார்கள்.

ஒரு சேனலில் பயிற்சி செய்வதற்குக்கூட மூன்று மின்முனைகள் தேவை. ஒன்று உச்சந்தலையில், நாம் கவனிக்க விரும்பும் இடத்தில். இரண்டாவது ரெபரன்ஸ். மூன்றாவது கிரவுண்டு. பெருக்கி காட்டுவது முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை. அது சில மைக்ரோவோல்ட்டிலிருந்து நூறு மைக்ரோவோல்ட் வரை இருக்கும், அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் கிடைக்கும் துணுக்குகளில் சில. அதே நேரத்தில் சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், எந்தக் கம்பியையும் நாம் தொடாமலேயே, காற்றின் வழியாக நம் உடம்பு முழுவதையும் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு பெரிய மின்னழுத்தத்தில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். இந்த ஏற்ற இறக்கம் இரண்டு மின்முனைகளிலும் ஒரே அளவாக இருப்பதால் கழித்தலில் அடிபட்டுப் போகிறது. சைட்டனில் இருக்கும் ஏடிஎஸ்1299 சில்லு 110 டெசிபெல் அளவுக்கு அதை அடக்குவதாக அதன் விவரத்தாள் சொல்கிறது. மடங்கில் சொன்னால் மூன்று லட்சத்துக்கும் மேல்.

அப்படியானால் கிரவுண்டு எதற்கு? பெருக்கியும் உடம்பும் ஒன்றையொன்று விட்டு எங்கோ மிதந்துகொண்டிருந்தால் கழித்தல் நடப்பதற்கு முன்பே உள்ளீடு எல்லை கடந்துவிடும். இரண்டையும் ஒரே தளத்தில் கட்டி வைப்பதே கிரவுண்டின் வேலை. சைட்டனில் அந்த முனைக்குப் பயஸ் என்று பெயர். உடம்பில் பொதுவாக ஏறும் இரைச்சலை அளந்து, அதைத் தலைகீழாக்கி, அந்த முனை வழியாக உடம்புக்கே திருப்பி அனுப்பி இரைச்சலைத் தணிக்கிறது. இதயத் துடிப்பு அளக்கும் கருவிகளில் வலது காலில் ஒரு ஒயர் மாட்டுவதும் இதே தத்துவத்தில்தான்.

இதில் எங்கேயும் பூமி வரவில்லை என்பதை என் தொழில்புத்தி ஏற்க மறுத்தது. முதல் கருவியில் கிரவுண்டு ஒயர் பச்சை நிறத்தில் இருந்தது. பச்சை என்றால் எர்த். பட்டறைக்குப் பின்னால் உப்பும் கரியும் போட்டு நானே புதைத்த நல்ல எர்த் குழி இருக்கிறது. திரையில் இரைச்சல் அதிகமாகத் தெரிந்த ஓர் இரவில், அந்தப் பச்சை ஒயரைக் குழியின் கம்பியோடு சேர்த்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று முடிவு செய்து, முறுக்குவதற்குக் கட்டிங் பிளேயரையும் எடுத்துவிட்டேன். திருவனந்தபுரத்தில் மருத்துவக் கருவிகள் துறையில் வேலை பார்க்கும் என் தங்கை மகளிடம் தற்செயலாகத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. “மாமா, மொதல்ல அந்த ஒயரக் கீழ வையுங்க. எர்த்ல கட்டுன தலையோட நீங்க ஒரு லீக்கேஜ் உள்ள ஃபேனைத் தொட்டா கரண்ட் எந்த வழியாப் போகும்?”

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஈரக் காலோடு மோட்டாரைத் தொட்டவர்களைப் பார்த்தவன் நான். செருப்புப் போட்ட மனிதனைக் காப்பாற்றுவது அவனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள தடை. பசை தடவித் தோலைத் தேய்த்துத் தடையைக் குறைத்த ஒரு மின்முனையைப் பூமியோடு கட்டினால், அந்தக் காப்பை நாமே அவிழ்த்துவிடுகிறோம். அன்று முதல் என் வீட்டில் இரண்டு விதிகள்: தலையில் ஒயர் இருக்கும்போது எந்தக் கருவியும் சுவரோடு இணைந்திருக்கக்கூடாது, மடிக்கணினியின் சார்ஜர் உட்பட, கிரவுண்டு ஒயர் பச்சையாக இருக்கக்கூடாது. இப்போது அதற்கு வெள்ளை உறை மாட்டியிருக்கிறேன்.

இன்னொரு தொழில்பழக்கமும் என்னைக் கவிழ்த்தது. மின்முனை சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு ஒயர்களுக்கு இடையே அளந்தேன். அது நேர்மின்சாரத்தைச் செலுத்தி அளக்கும் கருவி. கிண்ணத்துக்கும் பசைக்கும் இடையே மின்னேற்றம் தேங்கி, எண் நகர்ந்துகொண்டே இருக்கும், அதன் பிறகு வெகுநேரம் அலைக்கோடும் சரிந்துகொண்டிருக்கும். மாறுமின்சாரத்தால் அளப்பதே முறை. சைட்டனில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மிக நுண்ணிய மின்னோட்டத்தை 31.5 ஹெர்ட்ஸில் அனுப்பிப் பார்க்கிறது. 10 கிலோ ஓமுக்குக் கீழே வந்தால் தொடங்குவேன், 5 வந்தால் மகிழ்வேன். அதைவிட முக்கியம் எல்லா முனைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருப்பது, ஏனென்றால் ஒன்று 3, மற்றொன்று 40 என்றிருந்தால் பொதுவான இரைச்சல் இரண்டிலும் சமமாக இராது, கழித்தாலும் போகாது. (மோட்டாரின் காப்புத் தடையை அளக்கும் மெக்கரை நினைத்தவர்கள் அதைப் பெட்டியிலேயே வைக்கவும். அது 500 வோல்ட்.)

இனி ரெபரன்ஸ். என் மூன்று ஆண்டுகளில் மிகுதியான காலத்தைத் தின்றது இதுதான். ரயில் நிலையப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பார்கள். கடலுக்குப் பதிலாகக் குற்றாலத்து அருவியடியிலிருந்து அளந்து எழுதினால் எண் சுருங்கிவிடும். அதனால் ஊர் தாழ்ந்துவிடவில்லை. நான் செய்தது இந்தத் தவறைத்தான். தொடக்கத்தில் பின்தலை நடுவிலுள்ள பி-இசட் இடத்தை, உச்சியிலுள்ள சி-இசட்டை ரெபரன்ஸாக வைத்து அளந்தேன். அருகருகே உள்ள இரண்டு இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே அசைவதால் வேறுபாடு சிறிதாக இருந்தது. மூன்றாம் மாதத்தில் ரெபரன்ஸை இடது காதுக்கு மாற்றினேன். 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரையிலான ஆல்பா என்ற மூளையலை ஒரே வாரத்தில் பெருகிவிட்டதாக நோட்டுப்புத்தகத்தில் மகிழ்ச்சியோடு எழுதி வைத்தேன். பெருகியது ஆல்பா அல்ல, ஒயர்களுக்கு இடையிலான தூரம். அதற்கு முந்தைய பதிவுகளைப் பின்னர் அடித்துவிட வேண்டியதாயிற்று.

காதும் குற்றமற்ற இடமல்ல. காதுமடலில் மூளை இல்லை என்றாலும் பக்கத்திலேயே மூளையின் பொட்டு மடல், அதாவது காதை ஒட்டிய பகுதி, இருக்கிறது. அங்குள்ள அலை காதுவரை கசிந்து, உச்சியில் இல்லாத ஒன்றை உச்சியில் இருப்பதுபோல் காட்டும். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் ஒட்டிப் பார்த்தேன்: கழுத்துத் தசையின் இரைச்சல் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் கொட்டியது. இரண்டு காதுகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து ரெபரன்ஸாக வைப்பதும் உண்டு. பக்கச்சாய்வு குறையும் என்பது நியாயம்தான், ஆனால் ஒரு கிளிப் தளர்ந்தால் ரெபரன்ஸ் சத்தமில்லாமல் மறு காதுப் பக்கம் நகர்ந்துவிடுகிறது. தனி ரெபரன்ஸே இல்லாமல், உச்சிக்கு இடமும் வலமுமாக உள்ள சி3, சி4 இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் முறையையும் நாற்பது அமர்வுகள் செய்தேன். இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் எண் மாறும்போது இடப்பக்கம் மாறியதா வலப்பக்கமா என்று தெரியாது. இரண்டும் ஒத்து அசைந்தால் சுழி. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்று சி-இசட்டுக்கு இடது காது ரெபரன்ஸ், வலது காது பயஸ் என்று வைத்து, இரண்டு ஆண்டுகளாக மாற்றவே இல்லை.

சோதனை ஒன்று எல்லோரும் செய்யத்தக்கது. பி-இசட்டில் ஒட்டி, கண்ணை மூடி, அரை நிமிடம் இருந்து, திறக்க வேண்டும். மூடியபோது ஆல்பா எழுந்து, திறந்ததும் அடங்கினால் ஒயர்கள் தலையைத்தான் பார்க்கின்றன என்று கொள்ளலாம். ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்ட முதல் மனித மூளையலைப் பதிவுகளின் காலத்திலிருந்தே தெரிந்த விளைவு இது. ஆனால் ரெபரன்ஸையும் பயிற்சி முனையையும் இடம் மாற்றி மாட்டியிருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அலை தலைகீழாகுமே தவிர அதன் வலிமை மாறாது.

50 ஹெர்ட்ஸை வடிகட்டியால் மறைத்துவிடுவதே பலரின் வழக்கம். நான் பயிற்சிக்கு முன் அதை அணைத்து வைப்பேன், ஏனெனில் அந்த இரைச்சலின் உயரமே எனக்கு அளவுகோல். சோதனைக்காக நான்கு கிண்ணங்களை ஒட்டிப் பார்க்கும்போது, ஒரு கோட்டில் மட்டும் இரைச்சல் என்றால் குற்றம் அந்தக் கிண்ணத்தில். நான்கிலும் என்றால் தலையை விட்டுவிட்டுக் காதுகளைப் பார்க்க வேண்டும். மின்வெட்டின்போது எங்கள் பழைய இன்வெர்ட்டர் ஓடினால் 50-ஓடு 150, 250 இடங்களில் உள்ள ஒற்றைப்படை மடங்குகளும் சேர்ந்து சீப்புப்போல் நிற்க வேண்டியவை, நொடிக்கு 250 மாதிரிகள் என்ற வேகத்தில் 125-க்கு மேலே எதையும் பார்க்க முடியாது என்பதால், மடங்கிக் கீழே இறங்கித் தொல்லை தருகின்றன. அந்நேரம் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு இருட்டில் உட்காருகிறேன்.

ஊர் சார்ந்த சங்கடங்களும் உண்டு. சாரல் காலத்தில் பசை காயாமல் இரண்டு மணி நேரம் தாங்குகிறது. பங்குனியில் மலைக்கணவாய்க் காற்று நின்றுவிட்டால் அரை மணியில் ஓரம் காய்ந்து கிளிப் கழன்றுவிடும். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் எந்தப் பசையும் நிற்காது. எனவே பயிற்சி நாள்களில் எண்ணெய் கிடையாது. மனைவிக்கு ஒட்டிப் பார்த்தபோது கம்மல் துளைக்கு மேல் கிளிப் சரியாக உட்காரவில்லை. மடலின் மேல்பகுதியில் மாட்டி, அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டோம். வெள்ளி குளோரைடுக் கிளிப் ஒன்றைத் தங்கக் கிண்ணங்களோடு கலந்து மாட்டிய ஒரு வாரம் கோடு நிலைகொள்ளவே இல்லை: உலோகம் வேறானால் பசைக்குள் சிறு பேட்டரி உருவாகிவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை கிளிப்புகளின் ஸ்பிரிங்கை மாற்றுகிறேன். முலாம் தேய்ந்து செம்பு தெரியும் கிண்ணம் எதுவும் இப்போது பெட்டியில் இல்லை. சென்ற மாதம் கடைசியாகத் தேய்ந்தது வலது காதுக்குரியது.