பைரன் முனை: காரை விட்டு இறங்கி நடக்க வேண்டிய 3.7 கிலோமீட்டர்

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குடியேறிய பிறகு பைரன் முனைக்கு ஏழெட்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் இரண்டு முறையும் காரிலேயே கலங்கரை விளக்கம் வரை ஏறி, அதன் வெள்ளைச் சுவருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு, அரை மணி நேரத்தில் இறங்கிவிட்டேன். மூன்றாம் முறை மேலே கார் நிறுத்த இடமே கிடைக்கவில்லை. வேறு வழியின்றி அடிவாரத்திலிருந்து நடந்தேன். அன்று பார்த்தவற்றில் கால்வாசிகூட முந்தைய இரண்டு பயணங்களில் என் கண்ணில் பட்டிருக்கவில்லை. கடந்த செப்டம்பர் இறுதியில், நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த அம்மாவையும் பத்து வயது மகளையும் அழைத்துக்கொண்டு அதே பாதையில் மீண்டும் நடந்தோம். அந்தப் பயணத்தை வைத்தே, இனிப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகோடியில், பிரிஸ்பேனிலிருந்து சுமார் இரண்டு மணி நேரக் கார்ப் பயணத் தூரத்தில் இருக்கிறது பைரன் பே என்ற சிற்றூர். அதன் கிழக்கே கடலுக்குள் நீண்டிருக்கும் மேட்டுநிலமே பைரன் முனை. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் கிழக்குக் கோடி இதுதான். 1770இல் இக்கரையோரமாகக் கப்பலில் வந்த கேப்டன் குக், தமக்கு முன் உலகைச் சுற்றி வந்த ஜான் பைரன் என்ற கடலோடியின் பெயரை இதற்கு வைத்தார். ஜான் பைரனின் பேரன்தான் ஆங்கிலக் கவிஞர் பைரன். பிற்காலத்தில் ஊரின் தெருக்களுக்குப் பெயர் சூட்டியவர்கள் பேரனையே மனத்தில் வைத்துவிட்டார்கள் போலும், கீட்ஸ், ஷெல்லி, டென்னிசன் என்று கவிஞர்களின் பெயர்களாகவே அங்கு இருக்கின்றன. குக் வருவதற்குப் பன்னெடுங்காலத்துக்கு முன்பிருந்தே இந்நிலத்துக்கு உரியவர்களான அரக்வால் மக்கள் இம்முனையை ‘வால்கன்’ என்று அழைக்கிறார்கள். தோள் என்று பொருள். ஊரின் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால், சாய்ந்து படுத்திருக்கும் ஒருவரின் தோளைப் போலவே மலை கடலுக்குள் இறங்குவதைக் காணலாம். பொருத்தமான பெயர் எது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நடைபாதை 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வட்டம். இரண்டு மணி நேரம் போதும் என்பார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் உடன் இருந்தால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பக்கமாகத் தொடங்குவது என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கேப்டன் குக் லுக்கவுட் என்ற இடத்தில் தொடங்கி, வடக்குக் கரையோரமாகத் தி பாஸ், வாட்டிகோஸ் கடற்கரைகளைக் கடந்து, கிழக்கு முனைக்குப் போய், அங்கிருந்து கலங்கரை விளக்கத்துக்கு ஏறி, தெற்குப் பக்கத்துக் காட்டு வழியாக இறங்கி வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இப்படி வந்தால் செங்குத்தான படிகளை ஏறும்போது கடல் பக்கத்திலேயே இருக்கும். பத்து படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவதற்கும் ஒரு காரணம் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதால், மிகச் செங்குத்தான பகுதியை ஏறுமுகமாக வைத்துக்கொள்வதே அவர்களுக்கும் நல்லது.

தொடங்கிச் சிறிது தூரத்திலேயே தி பாஸ் வந்துவிடும். அலைச்சறுக்கு விளையாடுபவர்களிடையே பெயர் பெற்ற இடம் இது. முனையை வளைத்துக்கொண்டு வரும் அலை உடனே உடைந்துவிடாமல் கரையோரமாக நெடுந்தூரம் ஓடுவதே காரணம். இங்குள்ள பாறைக்குன்றின் மேல் மரப்படிகள் ஏறிப் போகும் ஒரு பார்வை மேடை உண்டு. பிரதான பாதையிலிருந்து சற்று விலகி இருப்பதால் அவசரக்காரர்கள் இதைத் தவற விடுகிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் தெளிவாக இருந்த அந்தக் காலையில், மேடையின் கம்பியில் முகத்தை வைத்தபடி கீழே பார்த்துக்கொண்டிருந்த மகள், பாசி படிந்த பாறை ஒன்று நகர்வதாகச் சொன்னாள். உற்றுப் பார்த்தபோது அது ஆமை. தலையை மட்டும் நீட்டி ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, முன்துடுப்புகளை இரண்டே முறை அசைத்து, பாறையின் நிழலுக்குள் போய்விட்டது. அது மறுபடி மேலே வரும் வரை அங்கிருந்து நகர மாட்டேன் என்றாள் மகள், நாங்களும் காத்திருந்தோம். வடக்கே கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் தொலைவில் கடலுக்குள் தனித்து நிற்கும் ஜூலியன் பாறைகளும் இங்கிருந்து நன்றாகத் தெரிகின்றன.

வாட்டிகோஸ் வரையிலான அடுத்த பகுதி சுமார்தான். சில இடங்களில் சாலையை ஒட்டியே நடக்க வேண்டியிருக்கிறது, கார்களின் நடமாட்டமும் அதிகம். இன்று பெரும் செல்வந்தர்களின் வீடுகள் நிற்கும் இந்தச் சரிவில் ஒரு காலத்தில் வாழைத்தோட்டம் இருந்தது. அதைப் பயிரிட்ட குடும்பத்தின் பெயரே கடற்கரைக்கு நிலைத்துவிட்டது. கழிப்பறையும், மேசை போட்ட நிழலிடமும் இங்கே உண்டு. கட்டி எடுத்துப் போன எலுமிச்சைச் சாதத்தை இங்கேயே சாப்பிட்டுவிட்டோம். இதற்குப் பின் மேலே போய்ச் சேரும் வரை நிழலை எதிர்பார்க்க முடியாது.

வாட்டிகோஸுக்கு அப்பால்தான் பாதை தன் முழு அழகையும் காட்டுகிறது. புல் மூடிய சரிவின் விளிம்பில் படிகளும் மண்பாதையுமாக மாறி மாறி ஏற, இடப்பக்கம் கடல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. லிட்டில் வாட்டிகோஸ் என்ற சிறு கடற்கரைக்கு மேலே, வேலியோரம் நின்ற ஒரு மரத்தைக் கண்டதும் அம்மா நின்றுவிட்டார். தண்டிலிருந்து கிளம்பி நிலத்தில் ஊன்றிய விழுதுகள், ஓரமெல்லாம் முள்ளோடு திருகித் திருகி ஏறும் நீண்ட இலைகள், அவற்றின் நடுவே அன்னாசிப் பழம் போலத் தொங்கும் ஒரு காய். “மக்களே, இது நம்ம தாழைல்லா?” என்றார். தாழையேதான், நம் ஊர்த் தாழைக்கு மிக நெருங்கிய உறவு. உதிர்ந்து கிடந்த ஒரு சுளையை எடுத்து முகர்ந்து பார்த்த அம்மாவுக்கு, தாழம்பூ மணம் இல்லையே என்று சிறு வருத்தம். மணப்பது ஆண் மரத்தின் பூ. காய்த்து நின்ற இது பெண் மரம். மேலே பச்சையும் அடியில் செம்மஞ்சளுமாக, நார் பிரிந்து கிடந்த அந்தச் சுளையை மகளிடம் கொடுத்து, ஊரில் ஆற்றங்கரைத் தாழம்புதரில் பாம்புக்குப் பயந்துகொண்டே பூப்பறித்த கதையைச் சொல்லிக்கொண்டே மீதிப் படிகளை அம்மா ஏறிவிட்டார். அதுவரை முழங்காலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர்.

சற்று மேலே போனதும் ஒரு செம்பருந்து எங்களுக்குக் கீழே பறந்து போயிற்று. கருடன் என்று கும்பிடும் அதே பறவைதான். ஆனால் ஊரில் எப்போதும் அண்ணாந்து அதன் வயிற்றைத்தான் பார்த்திருக்கிறோம். உயரமான பாறை விளிம்பில் நிற்பதால், வெயில் பட்டு ஒளிரும் அதன் செங்கல் நிற முதுகை இங்கே மேலிருந்து பார்க்கக் கிடைக்கிறது.

பெருநிலத்தின் கிழக்குக் கோடி இதுவே என்று அறிவிக்கும் பலகையின் முன் எந்நேரமும் படம் எடுக்கக் கூட்டம் நிற்கிறது. அங்கே வரிசையில் நின்று நேரத்தை வீணாக்காமல், வேலியை ஒட்டி ஓர் இடம் பார்த்து நின்றுகொண்டு கடலை மட்டும் பாருங்கள். அண்டார்ட்டிகக் கடலில் கோடைகாலத்தில் இரை தேடும் கூன்முதுகுத் திமிங்கிலங்கள், குட்டி ஈனுவதற்காக ஜூன், ஜூலை மாதங்களில் வடக்கே வெதுவெதுப்பான நீருக்குப் போகின்றன. செப்டம்பர் முதல் நவம்பர் வரை குட்டிகளோடு தெற்கே திரும்புகின்றன. கிழக்கே துருத்திக்கொண்டிருக்கும் இம்முனையைச் சுற்றித்தான் அவை போயாக வேண்டும் என்பதால் கரைக்கு வெகு அருகிலேயே வருகின்றன. முதலில் நீர்த்தூவல் ஒன்று புகைபோல எழுந்து காற்றில் சாய்ந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே அதைவிடச் சிறிய ஒன்று. தாய் கரிய முதுகை வளைத்து மெதுவாக முங்க, குட்டி மட்டும் அவசர அவசரமாக மூன்று நான்கு முறை தலையைத் தூக்கிவிட்டு முங்கியது. தொலைநோக்கி தேவைப்படவில்லை.

இதே ஊரில் 1954 முதல் 1962 வரை திமிங்கில வேட்டை நிலையம் ஒன்று இயங்கியது. கொன்ற திமிங்கிலங்களைக் கரைக்கு இழுத்து வந்து எண்ணெய்க்காக அறுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே பிடிக்கத் திமிங்கிலம் இல்லாத நிலை வந்து நிலையம் மூடப்பட்டது. வேட்டை தடைசெய்யப்பட்ட பின் அவை மெல்ல மெல்லப் பெருகி, 2022இல் ஆஸ்திரேலிய அரசு கூன்முதுகுத் திமிங்கிலத்தை அழிவாபத்துள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்தத் தாயையும் குட்டியையும் பார்த்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. மகளிடம் சொன்னேன், அவள் நெடுநேரம் எதுவும் பேசவில்லை.

அங்கிருந்து கலங்கரை விளக்கத்துக்கு ஏறும் கடைசிப் படிகள்தான் மொத்தப் பாதையிலும் கடினமானவை. வெயிலும் நேரே முகத்தில் விழும். 1901இல் கட்டிய இந்த விளக்கின் கோபுரம் பலர் எதிர்பார்ப்பதைவிடக் குட்டையாக இருக்கும். ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தை மலையே கொடுத்துவிடுவதால் கோபுரத்துக்கு உயரம் தேவைப்படவில்லை. உள்ளே பிரான்ஸில் செய்த 760 பட்டகங்கள் கொண்ட, எட்டு டன் எடையுள்ள கண்ணாடி வில்லை பாதரசத் தொட்டியில் மிதந்தபடி சுழல்கிறது. அத்தனை எடையையும் சிறு விசையிலேயே சுழற்ற முடிவதற்கு அதுவே காரணம். மண்ணெண்ணெயில் எரிந்த விளக்கு 1956இல் மின்சாரத்துக்கு மாறியது. 1989இல் தானியங்கியானதும் காவலர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவர்கள் குடியிருந்த வீடுகள் இன்றும் பழுதில்லாமல் பக்கத்திலேயே நிற்கின்றன. கோபுரத்தினுள் அழைத்துச் சென்று காட்டும் தன்னார்வலர்கள் பொறுமையாக விளக்குகிறார்கள். குழந்தைகள் இருந்தால் கட்டாயம் உள்ளே போய்ப் பாருங்கள். விளக்கைச் சுற்றிச் சமதளமான நடைபாதை இருப்பதால், படியேற முடியாத பெரியவர்களைக் காரில் நேரே இங்கே கொண்டு வந்து விட்டாலும் அவர்கள் கடலையும் திமிங்கிலத்தையும் பார்த்துவிடலாம். தெற்கே பல கிலோமீட்டருக்கு ஆளரவமின்றி நீண்டு கிடக்கும் டேலோ கடற்கரையின் முழு வளைவும் இங்கிருந்து தெரியும். ஆங்கிலத்தில் ‘டேலோ’ என்றால் விலங்குக் கொழுப்பு; 1864இல் உடைந்த ஒரு கப்பலிலிருந்து கொழுப்புப் பீப்பாய்கள் கரை ஒதுங்கியதால் வந்த பெயர் அது.

அம்மாவின் முழங்காலை நினைத்து, ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி என் மனைவி காரை மேலே கொண்டு வந்துவிட்டார். இரண்டு பேருக்கு வண்டி ஓட்டத் தெரிந்தால் இந்த ஏற்பாட்டைப் பரிந்துரைப்பேன். நானும் மகளும் மட்டும் காட்டு வழியாக இறங்கினோம். காற்றும் அலையோசையும் ஒரே திருப்பத்தில் நின்றுபோகின்றன. தரையெங்கும் சருகு, அதைக் கால்களால் சீய்த்துத் தள்ளிக்கொண்டிருந்த காட்டு வான்கோழி ஒன்று வழி விடாமல் சிறிது நேரம் எங்களுக்கு முன்னாலேயே நடந்தது. வெயிலில் காய்ந்து வந்த உடம்புக்கு இந்தக் கடைசிப் பகுதியின் நிழல் தரும் சுகம், எதிர்த் திசையில் நடப்பவர்களுக்குக் கிடைக்காது.

இனி நடைமுறைக்கு வருவோம். மேலே கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, இடமும் மிகக் குறைவு. பள்ளி விடுமுறை நாட்களில் காலை எட்டு மணிக்குள் வந்துவிட்டால் கீழே எங்காவது ஓர் இடம் கிடைக்கும். பிரிஸ்பேன் இருக்கும் குவீன்ஸ்லாந்து மாநிலத்திலிருந்து வருபவர்கள் கடிகாரத்தை மறக்கக் கூடாது: அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை நியூ சவுத் வேல்ஸ் நேரம் ஒரு மணி நேரம் முன்னே இருக்கும் என்பதால், முன்பதிவு ஏதேனும் செய்திருந்தால் அந்த நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும். நாய்களுக்கு அனுமதி இல்லை. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி கழுத்தில் கட்டிக்கொள்ளும் வகையாக இருக்கட்டும், முனையின் காற்று மற்றவற்றைப் பறித்துக்கொண்டு போய்விடும். சேலையில் வரும் பெரியவர்கள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டால் போதும். அம்மா அப்படித்தான் ஏறினார், ஆனால் செருப்புக்குப் பதில் பின்பக்கம் மூடிய, பிடிமானமுள்ள காலணியை வற்புறுத்தி அணிய வைத்திருந்தேன். நல்ல மழை பெய்த மறுநாள் போவதானால் காட்டுப் பகுதியைத் தவிர்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஈரச் சருகு மூடிய படிகளில் ஒருமுறை நானே சறுக்கி விழுந்திருக்கிறேன்.