ஆய்க்குடியில் ஆறு வாரம்

மகனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று டொராண்டோவில் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. ஒன்டாரியோ அரசின் திட்டத்தில் பதிந்தாயிற்று. தெரபிக்கான பணம் வர வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள் எங்களுக்கு முன்னால் வரிசையில் இருப்பவர்கள். தனியாரிடம் போகக் கட்டுப்படியாகாது. ஊரில் போனதுமே இடம் கிடைக்கும் என்று நண்பர்கள் சொன்னதை நம்பி, ஜூலையில் தென்காசிக்குக் கிளம்பினோம்.

இடம் கிடைத்தது உண்மைதான். முதலில் மதுரையில் ஒரு தனியார் மையம், 45 நிமிடத்துக்கு 600 ரூபாய். “மூணு மாசப் பேக்கேஜ் கட்டுங்க சார், பேச வச்சு அனுப்புறோம்” என்றார்கள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே அவன் அழுவது மட்டும் கேட்டது. ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்பாசிரியரும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேட்டேன். “மேடம் வரட்டும் சார்” என்ற பதில் மூன்று நாளும் மாறவில்லை. முன்பணத்தைக் கைகழுவிவிட்டு ஊருக்கு பஸ் ஏறினோம். எண்ணை முதல் நாளே, பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்.

அப்புறம்தான் பக்கத்திலேயே இருக்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் நினைவுக்கு வந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981ல் தொடங்கியது. சின்ன வயதில் அந்த வாசலை எத்தனையோ முறை சைக்கிளில் கடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை.

எத்தனை நாள் லீவு என்று கேட்ட தெரபிஸ்ட், ஆறு வாரம் என்றதும் சிரித்துவிட்டார். “அப்ப புள்ளைக்கு இல்ல சார், உங்களுக்குத்தான் கிளாஸ். வீட்டுல அவனோட அதிகம் இருக்கது யாரு?” ஆச்சி, அதாவது என் அம்மா என்றேன். “அவங்களையும் கூட்டிட்டு வாங்க.”

அம்மாவை அழைத்துப்போவதே பெரும்பாடு. “ஏல, நீயே நாலு வயசுலதான் வாயத் தெறந்த. ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்” என்பது அவள் கட்சி. போனாள். அங்கே தரையில் பாய் விரித்து, அவனுக்கு எதிரே உட்கார வைத்தார்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைச் சொல், சொல்லிவிட்டுப் பத்து எண்ணும் வரை பேசாமல் இரு என்றார்கள். பத்து எண்ணும் வரை பேசாமல் இருப்பது என் அம்மாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும்.

இன்னொன்று. டொராண்டோவில் ஒருவர் ‘குழம்பிவிடுவான், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்’ என்று சொல்லியிருந்தார். ஒரு வருஷமாக எங்கள் அரைகுறை ஆங்கிலத்தில்தான் அவனைக் கொஞ்சினோம். இங்கே அந்த தெரபிஸ்ட் “இரண்டு மொழியால ஆட்டிசப் புள்ளைங்க குழம்புறதில்ல, உங்களுக்கு எது வாயில வருதோ அதைப் பேசுங்க” என்றார். அன்று ராத்திரி என் மனைவி அவனிடம் தமிழில் பேசியதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். வெகு நேரம் பேசினாள்.

காத்திருந்தபோது கடையத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவிடம் பேசினேன். மூத்தவனுக்கு மாற்றுத்திறனாளி அட்டை வாங்கிய காலத்தில் ஆட்டிசம் என்றொரு பிரிவே கிடையாதாம். மனவளர்ச்சி குன்றியவர் என்று எழுதித் தந்தார்களாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் அது தனி ஊனமாகச் சேர்ந்தது. இரண்டு பஸ் மாறி வருகிறார். வரிசை நீளம் என்று புலம்ப வந்த எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

குற்றாலத்தில் அருவிப் பக்கம் அவனைக் கொண்டுபோகவே முடியவில்லை, அந்த இரைச்சல் ஆகாது. சாரலில் மட்டும் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

வீட்டில் ஒரு கண்ணாடி ஜாடியில் முறுக்கைப் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடி வைக்கச் சொன்னார்கள். கேட்காமலே எடுத்துக் கொடுக்கக்கூடாது. முதல் வாரம் அழுகை. ஆச்சியும் சேர்ந்து அழுதாள். நாலாவது வாரம் ஜாடியைத் தூக்கிவந்து ஆச்சி மடியில் வைத்தான். அவள் கையை இழுத்து மூடிமேல் வைத்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். பேச்சு இன்னும் வரவில்லை.

ஜாடியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்துவிட்டோம். முறுக்கு டொராண்டோ ஸ்கார்பரோவிலேயே கிடைக்கிறது.