130 கி.மீ. வேகமா, சட்டென்று கிளம்பும் வண்டியா?

பாசஞ்சர் ரயில் ஊர்ந்து போகிறது என்றதும் முதலில் எழும் கோரிக்கை, 'வேகத்தைக் கூட்டுங்கள்'. 100 கி.மீ. வேகத்துக்கான பாதையை 130க்கு உயர்த்துவது ஒரு வழி. உச்ச வேகத்தைத் தொடாமல், இன்ஜின் இழுக்கும் வண்டிக்குப் பதில் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார் உள்ள வண்டியை விடுவது இன்னொன்று. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நிலையங்களுக்கு இடையே 5 கி.மீ. இன்ஜின் வண்டி 100ஐத் தொட 56 விநாடி, பிரேக் போட்டு நிற்கவும் அதே நேரம் என்று வைத்துக்கொள்வோம். 5 கி.மீ.க்கு மொத்தம் 236 விநாடி ஆகும். அதே வண்டியை 130 வரை விரட்டினால் 211. மோட்டார் பெட்டி வண்டி 28 விநாடியில் 100ஐத் தொட்டு, அதேபோல நிற்கவும் செய்தால் 208! இத்தனைக்கும் அது 100ஐத் தாண்டவே இல்லை. 130க்குப் போகும் வண்டியோ ஒவ்வொரு முறையும் 69 சதவீதம் கூடுதல் இயக்க ஆற்றலை ஏற்றி, அடுத்த நிலையத்தில் பிரேக்கில் இறக்குகிறது. மோட்டார் பெட்டி வண்டி சட்டென்று வேகமெடுக்கக் காரணம் எளிது: இன்ஜினில் தண்டவாளத்தைப் பிடித்துத் தள்ளுவது நான்கு அல்லது ஆறு அச்சுகள்தான். மோட்டார் பெட்டிகளில் அந்த வேலை வண்டி முழுக்கப் பரவிக்கிடக்கிறது.

கடைசி நிலையத்தில்தான் பெரிய லாபம். இன்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டாம். ஓட்டுநர் நடந்து போனால் போதும். ஒரு வழி ஓட்டம் 55 நிமிடம், கடைசி நிலையத்தில் வண்டியைத் திருப்ப 10 நிமிடம் என்றால் ஒரு சுற்று 130 நிமிடம். மணிக்கொரு வண்டி விட மூன்று ரேக் (முழு வண்டித் தொடர்) தேவை. 52, 8 என்று சுருக்கினால் சுற்று 120 நிமிடம், இரண்டு ரேக்கே போதும். ஒரு வழிக்கு ஐந்து நிமிடம் குறைத்ததில் ஒரு முழு ரேக் மிச்சம்.

கால அட்டவணையைத் திருத்துவது மூன்றாவது வழி. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்து 1982இல் மணிக்கொரு ரயில் என்ற சீரான அட்டவணைக்கு மாறியது. 2004இல் புதுப் பாதை போட்டு சூரிச்–பெர்ன் ஓட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்ததும் இணைப்பு வண்டிகள் பொருந்துவதற்காகத்தான்; எவ்வளவு வேகம் தேவை என்பதை அட்டவணைதான் சொன்னது. ஒற்றைப் பாதையிலும் இது உதவும். மணிக்கொரு வண்டி என்றால் ஒவ்வொரு வண்டியும் அரை மணிக்கு ஒருமுறை எதிர் வண்டியைச் சந்திக்கும்; அந்த இடங்கள் நாள் முழுக்க மாறாது. எதிர் வண்டிக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும் கிளைப் பாதை (கிராஸிங் லூப்) எங்கே வேண்டும் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

மோட்டார் பெட்டி வண்டிக்கும் குறை உண்டு. கூட்டம் கூடினால் ஒற்றைப் பெட்டியைக் கோக்க முடியாது. ஒரு பெட்டி பழுதானால் தொடர் முழுவதும் பணிமனைக்குப் போகும். நிலையங்கள் 30 கி.மீ.க்கு ஒன்று என்று தள்ளியிருந்தால் கணக்கே மாறிவிடும்: 130 வேகம் ஏறத்தாழ 4 நிமிடம் மிச்சம் தரும், சட்டென்று கிளம்புவதால் கிடைப்பது அதே 28 விநாடிதான். அங்கே பணத்தைப் பாதையிலேயே போடலாம்.